இணையம் வராத வகுப்பறைக்கு இணையத்திலிருந்து எதை, எப்படி எடுத்துப்போவது

யாழ்ப்பாணத்தில் தரம் 10, 11 வகுப்புகளுக்கு விஞ்ஞானமோ கணிதமோ எடுக்கும் ஆசிரியரிடம் பெரும்பாலும் இருப்பவை நான்கு: சொந்த லேப்டொப், பாடசாலைக்குப் பொதுவான ஒரு புரொஜெக்டர், மாதக் கடைசியில் தீர்ந்துபோகிற போன் டேட்டா, 40 நிமிடப் பாடவேளை. இந்தக் குறிப்புகள் அந்த நான்கை மட்டும் நம்பி எழுதப்பட்டவை. பிள்ளைக்கு ஒரு டப் என்று கணக்குப் போட்டு எழுதிய வழிகாட்டிகள் இணையத்தில் ஏராளம். அவற்றை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோனால் முதல் 15 நிமிடம் கடவுச்சொல் தேடுவதிலேயே போய்விடும்.

வகுப்பில் இணையம் இல்லை என்று வைத்துக்கொண்டே வீட்டில் ஆயத்தம் செய்யுங்கள். திரையில் வரப்போகிற ஒவ்வொன்றும் லேப்டொப்பிலோ பென்ட்ரைவிலோ கோப்பாக இருக்க வேண்டும். முதல்நாள் இரவு வைஃபையை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து பாருங்கள். திறக்காததை விட்டுவிட்டுப் போங்கள்.

எங்கே எடுப்பது

பாடநூல்களின் பிடிஎப் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் உண்டு. பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில். கடந்தகால வினாத்தாள்களுக்குப் பரீட்சைத் திணைக்களம். கல்வி அமைச்சின் இ-தக்சலாவ பெயரளவில்தான் சிங்களம். உள்ளே தரம் தரமாகத் தமிழ்மொழி மூலப் பகுதி தனியாக இருக்கிறது. உயர்தர வகுப்புக்குத் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள்களைச் சொல்லத் தேவையில்லை, எல்லோர் அலுமாரியிலும் கிடக்கும். வரலாறு, தமிழ் இலக்கியம், சமயம் எடுப்பவர்கள் 2005 இல் தொடங்கிய "நூலகம்" என்ற எண்ணிம நூலகத்தை விடக்கூடாது. பழைய பத்திரிகைப் பக்கம் ஒன்றைத் திரையில் காட்டி, திகதி என்ன, எழுதியவர் யார் பக்கம் நிற்கிறார் என்று கேட்டாலே ஒரு பாடவேளை நிறைந்துவிடும்.

இவை கையில் இருக்கும்போது பலர் நேரே யூரியூப்புக்குப் போகிறார்கள். போகலாம். ஆனால் அங்கே ஒரு பொறி இருக்கிறது.

சொல் மாறினால் புள்ளி போகும்

தமிழில் கிடைக்கும் நல்ல பாடக் காணொளிகளில் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்குச் செய்யப்பட்டது. மொழி ஒன்று, கலைச்சொல் வேறு. நாம் ஆர்முடுகல் என்பதை அவர்கள் முடுக்கம் என்பார்கள். அமுக்கம் அங்கே அழுத்தம். ஒளித்தொகுப்பு ஒளிச்சேர்க்கையாகிறது, கலம் செல் ஆகிறது, ஒட்சிசன் ஆக்சிஜனாகிறது, கணிதத்தில் தாயம் அணியாகிறது. இவற்றால் பெரிய ஆபத்தில்லை. பிள்ளை ஒரு தடவை முழித்துவிட்டுப் புரிந்துகொள்ளும்.

ஆபத்தானது ஒரே சொல் இரண்டு பொருளில் வருவதுதான். நமக்குத் திணிவு வேறு, நிறை வேறு: திணிவு கிலோகிராமில், நிறை நியூற்றனில். தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்றால் நமது திணிவு. நமது நிறைக்கு அவர்கள் சொல்வது எடை. "நிறையின் அலகு கிலோகிராம்" என்று ஒரு காணொளி சொன்னால் அங்கே அது சரியான விடை, இங்கே பிழையான விடை. பிள்ளைக்கு எங்கே பிழைத்தது என்றே தெரியாது. அழுத்தமும் இப்படித்தான். நமக்கு அழுத்த வித்தியாசம் என்றால் மின்னியல். அமுக்கத்தைப் பற்றிய காணொளியில் அந்தச் சொல் வந்தால் வகுப்பு இரண்டுபடும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. தேடும்போதே நமது சொல்லைப் போடுங்கள். முடுக்கம் என்று தேடினால் சென்னை வரும். ஆர்முடுகல் என்று தேடினால் இலங்கை ஆசிரியர்களின் காணொளிகள் மேலே வரும். அப்படியும் நல்ல படம் அந்தப் பக்கத்ததுதான் என்றால், ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓடவிட்டு நீங்களே பேசுங்கள். அசைவூட்டப் படங்களுக்கு இது மிக நன்றாகப் பொருந்தும். வேகமாகப் போகிற இடத்தில் நிறுத்தி, பிள்ளையைக் கேட்டு, பிறகு ஓடவிடலாம்.

காணொளி 3 நிமிடத்தைத் தாண்டவே கூடாது. 12 நிமிடக் காணொளியில் வேண்டியது நடுவிலுள்ள 2 நிமிடம்தான் என்றால் அதை மட்டும் வெட்டி வையுங்கள். போன் கலரியிலேயே வெட்டும் வசதி இருக்கிறது. படத்தின் தெளிவு 480 போதும்; 10 நிமிடத்துக்குத் தோராயமாக 100 எம்பிக்குள் முடியும், 1080 இல் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு போகும். யூரியூப் செயலிக்குள் சேமித்தது அந்தப் போனில் மட்டும்தான் ஓடும். பென்ட்ரைவுக்கு மாற்ற முடியாது. ஆகவே போனைப் புரொஜெக்டரோடு இணைக்கும் வயர் உங்களிடம் உண்டா என்று முதலில் பாருங்கள். ஆசிரியர்களே தரவிறக்கத்துக்குத் திறந்து வைத்திருக்கும் கோப்புகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எழுத்துரு என்னும் தலையிடி

பாடநூல் பிடிஎப்பில் ஒரு பந்தியைத் தெரிவுசெய்து வேர்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை விழும். கோப்பு பழுதில்லை. நூல், எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு முறைக்கு முந்திய எழுத்துருவில் கோக்கப்பட்டிருக்கிறது, பாமினியைப் போல. கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளின் வரிசை. தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேடம்.

உங்கள் பழைய வினாத்தாள்கள் பாமினியில் இருந்தால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாமினி–யுனிகோட் மாற்றி ஒன்றில் ஒட்டி மாற்றலாம். மாற்றிய பின் மூன்று இடங்களைக் கண்ணால் பாருங்கள். முதலாவது, இடையில் வந்த ஆங்கிலச் சொற்களும் இரசாயனக் குறியீடுகளும்: மாற்றி அவற்றையும் தமிழென்று நினைத்து அர்த்தமில்லாத எழுத்தாக்கிவிடும். இரண்டாவது, அடைப்புக்குறிகளும் நிறுத்தக்குறிகளும். மூன்றாவது, அடுக்கும் கீழ்க்குறியும்: 10 இன் 3 ஆம் அடுக்கு 103 ஆகிவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பாடநூல் பந்திக்கு வேறு வழி. அந்தப் பக்கத்தைப் படமாகப் பிடித்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸால் திறவுங்கள். படத்துக்குக் கீழே எழுத்தாகத் தமிழ் வரும். தெளிவான பக்கமென்றால் பிழை குறைவு. பின்னம், அட்டவணை, சமன்பாடு மூன்றும் சிதறும். அவற்றைப் படமாகவே வெட்டி ஒட்டுவது புத்தி.

தட்டெழுத்து வராதவர்கள் போனில் ஜீபோர்ட் விசைப்பலகையின் ஒலிவாங்கியை அழுத்திச் சொல்லிக்கொண்டே போகலாம். மொழியில் தமிழ் இலங்கை என்று தனியாக ஒரு தெரிவு உண்டு. ஒரு வினாவைச் சொல்லி முடித்ததும் வாசித்துத் திருத்திவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். முழுத்தாளையும் சொல்லிவிட்டுத் திருத்த இருந்தால் சொன்னது என்னவென்று உங்களுக்கே மறந்திருக்கும்.

படவில்லைகளில் பாடசாலைக் கணினியில் இல்லாத எழுத்துருவைப் போட்டால் அங்கே வேறு எழுத்துரு வந்து வரிகள் தாளைவிட்டு ஓடும். நிர்மலா யூஐ விண்டோஸ் 10 இலும் 11 இலும் எப்போதும் இருக்கும். லதா அப்படியல்ல, சில கணினிகளில் தனியாகச் சேர்க்க வேண்டும். அசைவு தேவையில்லாத வில்லைகளைப் பிடிஎப் ஆக்கிக் கொண்டுபோனால் கவலையே இல்லை.

புரொஜெக்டரும் கடைசி வாங்கும்

படத்தின் உயரத்தைப்போல் ஆறு மடங்கு தூரம் வரைதான் எழுத்தை வசதியாக வாசிக்கலாம். கடைசி வாங்கு 24 அடி தூரத்தில் என்றால் படம் 4 அடி உயரம் வேண்டும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம்: 15.6 அங்குல லேப்டொப்பின் திரை கிட்டத்தட்ட 7½ அங்குல உயரம். வில்லையை முழுத்திரையில் போட்டுவிட்டு 4 அடி தள்ளி நின்று வாசியுங்கள். உங்களுக்குத் தெரியாதது கடைசி வாங்குக்கும் தெரியாது. தமிழ் எழுத்துக்குள் வளைவு அதிகம். ணு, னு போன்றவை சிறிய அளவில் ஒன்றாகவே தெரியும். 32 புள்ளிக்குக் கீழே போகாதீர்கள், வில்லைக்கு எட்டு வரி உச்சம்.

அரைச் சுவரும் கம்பிவலையுமாக இருக்கும் வகுப்பில் வெளிச்சத்தை அடைக்க முடியாது. அங்கே கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துப் போட்ட வில்லை எடுபடாது. புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. வெளிச்சம் விழாத சுவரின் நிறமே அதன் கறுப்பு. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, கடும் நீலக் கோடு. மஞ்சளும் இளம்பச்சையும் காணாமலே போகும்.

திரை இல்லையென்றால் 8 முழ வேட்டியை இரண்டாக மடித்து இழுத்துக் கட்டுங்கள். 6 அடி அகலமும் ஏறக்குறைய 4 அடி உயரமும் வரும். பழைய சதுரப்பாங்கான படத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும். மடிக்காமல் கட்டினால் பாதி வெளிச்சம் பின்னால் போய்விடும். கரை மேலும் கீழும் நிற்கட்டும்.

படம் வரவில்லையா? விண்டோஸ் சாவியோடு ஆங்கிலப் பி எழுத்தை அழுத்தி, இரட்டிப்பு என்பதைத் தெரிவுசெய்யுங்கள். படம் வந்து சத்தம் வரவில்லையென்றால், எச்டிஎம்ஐ வயர் வழியாகச் சத்தமும் புரொஜெக்டருக்குப் போயிருக்கிறது, அதன் ஒலிபெருக்கியோ ஈ பறக்கிற அளவு. கடிகாரத்துக்குப் பக்கத்திலுள்ள ஒலிக்குறியைத் தொட்டு வெளியீட்டை மாற்றுங்கள். மின்விசிறி சுற்றும் வகுப்பில் லேப்டொப் ஒலி மூன்றாம் வாங்கைத் தாண்டாது. யூஎஸ்பியில் ஓடும் சிறு ஸ்பீக்கர் சோடி ஒன்று வேண்டும். விஜிஏ மட்டும் உள்ள பழைய புரொஜெக்டருக்கு எச்டிஎம்ஐ–விஜிஏ மாற்றி ஒன்றைப் பையில் நிரந்தரமாக வைத்திருங்கள், அதை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள்.

ஒரு பாடம், கிட்டநின்று: ஓமின் விதி

பரிசோதனைகளைத் திரையில் செய்துபார்க்க உதவும் ஃபெட் பாவனைகள் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002 இல் தொடங்கியவை. நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் கார்ல் வைமன் ஆரம்பித்தது. இலவசம். பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு, மொழிபெயர்ப்புப் பட்டியலில் தமிழைத் தெரிந்து அந்தப் பதிப்பையே தரவிறக்குங்கள். ஒரு பாவனை ஒரே கோப்பு. லேப்டொப்பில் குரோமில் திறந்தால் இணையம் இல்லாமலே ஓடும். சில போன்களில் கோப்பு முகாமையாளர் அதை வெறும் எழுத்தாகத் திறந்துவிடும், ஆகவே போனை நம்பவேண்டாம்.

நேரோட்டச் சுற்று அமைக்கும் பாவனையை எடுத்துக்கொள்வோம்.

1. வகுப்பு தொடங்கும் முன் ஒரு பற்றரி, ஒரு தடையி, ஓர் ஆளி, அம்பியர்மானி ஆகியவற்றை இணைத்து ஆளியைத் திறந்தபடி வையுங்கள். பிள்ளைகள் முன்னால் வயர் இழுத்துக்கொண்டிருந்தால் 6 நிமிடம் போகும், ஒரு முனை எங்கோ ஒட்டாமல் நிற்கும்.

2. மின்னோட்டத்தைக் காட்டும் தெரிவு ஆரம்பத்தில் இலத்திரன்களில் இருக்கும். அதை வழக்கமான ஓட்டத்திசைக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் நீலப் புள்ளிகள் மறையிலிருந்து நேருக்கு ஓடும். பாடநூலில் அம்புக்குறி மறுபக்கம். யாராவது ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும், பாடம் அங்கேயே திரும்பிவிடும். இலத்திரனைக் காட்ட விரும்பினால் கடைசி 5 நிமிடத்தில் வேண்டுமென்றே மாற்றிக் காட்டி, ஏன் என்று கேளுங்கள்.

3. பற்றரி 9 வோல்ற்றிலும் தடையி 10 ஓமிலும் நிற்கும். ஆளியை மூடுமுன், அம்பியர்மானி என்ன காட்டும் என்று கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் வாயால் சொல்லவிட்டால் முன்வாங்கு சொன்னதை வகுப்பு முழுதும் சொல்லும். 2 நிமிடம் கொடுங்கள். பிறகு மூடுங்கள்: 0.9 அம்பியர்.

4. பற்றரியைத் தொட்டு 3, 6, 9, 12 வோல்ற்றாக மாற்றுங்கள். 0.3, 0.6, 0.9, 1.2 என்று வரும். வாசிப்பை ஒவ்வொரு தடவையும் வேறு பிள்ளை எழுந்துவந்து வாசிக்கட்டும். வரைபை அவரவர் கொப்பியில் வரையட்டும். திரையில் வரைந்து காட்டாதீர்கள். பரீட்சையில் கையால்தான் வரைய வேண்டும்.

5. கடைசியில் தடையியை எடுத்துவிட்டு வயரால் நேரே இணைத்துக் காட்டுங்கள். பற்றரி தீப்பிடிக்கும். குறுஞ்சுற்று என்றால் என்ன என்று பிறகு விளக்கத் தேவையில்லை.

பாவனையோடு நிறுத்தினால் அரைப்பாடம்தான். அடுத்த பாடவேளையில் உண்மைச் சுற்றைக் கட்ட வேண்டும், அங்கேதான் கை சுடும். திரையில் பார்த்தபடி 10 ஓம் தடையியையே வாங்கிப் போடாதீர்கள். இரண்டு உலர்கலம் 3 வோல்ற்று, ஓட்டம் 0.3 அம்பியர், வலு 0.9 வாற்று, கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் தடையி கால் வாற்றுத்தான் தாங்கும். புகை வரும். 100 ஓம் வாங்குங்கள்: மூன்று கலம் போட்டாலும் 4.5 வோல்ற்றுக்கு 45 மில்லியம்பியர், வலு 0.2 வாற்று. ரோச் பல்ப்பைத் தடையிக்குப் பதிலாகப் போட்டால் வரைபு நேர்கோடாக வராது, ஏனென்றால் இழை சூடேற அதன் தடை கூடுகிறது. அதைப் பிழை என்று அழிக்கவேண்டாம். ஓமின் விதி "வெப்பநிலை மாறாதிருக்கும்போது" என்று தொடங்குவது எதற்கு என்று காட்ட அதைவிட நல்ல சான்று கிடையாது. பழைய கலத்தில் வாசிப்பு எதிர்பார்த்ததைவிடக் குறையும், காரணம் கலத்தின் அகத்தடை. பல்மானியில் ஓட்டம் அளக்கும் துளையில் முனையை விட்டபடி வோல்ற்று அளந்தால் உருகி போகும். இது எல்லா ஆய்வுகூடத்திலும் வருடத்துக்கு ஒருமுறையாவது நடக்கும்.

கணிதத்துக்கு ஜியோஜீப்ரா

வரைபும் கேத்திரகணித உருவும் வரையும் செயலி இது. கணினியில் நிறுவிவிட்டால் இதற்கும் இணையம் தேவையில்லை. நேர்கோட்டின் பொதுச் சமன்பாட்டைத் தட்டியதும் படித்திறனுக்கும் வெட்டுத்துண்டுக்கும் நழுவிகளை அதுவே போட்டுத்தரும். ஒன்றை மட்டும் அசையுங்கள், மற்றதைத் தொடவேண்டாம். வெட்டுத்துண்டை அசைக்கும்போது கோடு சமாந்தரமாக ஏறுவதைப் பிள்ளை தானே சொல்லும்வரை காத்திருங்கள்.

வட்டக் கேத்திரகணிதத்தில் இது பெரும் உதவி. இரண்டு இடத்தில் காலை வாரும். ஒன்று, கோணம். புள்ளிகளைத் தொடும் வரிசையைப் பொறுத்து இடஞ்சுழியாகவே அளக்கும், ஆதலால் 70 பாகைக்குப் பதில் 290 வரும். கோணத்தின் பண்புகளுக்குள் போய் 0 முதல் 180 வரை என்று மட்டுப்படுத்துங்கள். மற்றது, மட்டந்தட்டல். முக்கோணியின் மூன்று கோணமும் 59.7, 60.4, 59.9 ஆக இருக்கும்போது தசமம் இல்லாமல் காட்டச் சொன்னால் 60, 60, 60 என்று தப்பிவிடும், 59.6, 60.6, 59.8 என்றால் 60, 61, 60, கூட்டினால் 181. தேற்றமே பிழையென்று வகுப்பு சிரிக்கும். ஒரு தசமத்தில் வைத்தாலும் சிலவேளை 0.1 ஆல் பிசகும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எழுத்தளவை 28 க்கு உயர்த்தி, கோட்டின் தடிப்பையும் கூட்டாவிட்டால் முன்வாங்கு மட்டும் பார்க்கும்.

புவியியலுக்குக் கூகுள் ஏர்த் புரோ. பழைய செய்மதிப் படங்களைக் கடிகாரக் குறியால் பின்நகர்த்தலாம்: காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணக்கல் அகழ்ந்த குழிகளில் தொடங்குங்கள், குடாநாட்டின் நிலத்தடி நீர்வரை பாடம் தானாக நகரும். வீட்டில் படமாகச் சேமித்துக் கொண்டுபோங்கள். வானியலுக்கு, இரவு வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம். இடத்தை யாழ்ப்பாணமாக வைத்தால் துருவ நட்சத்திரம் வட அடிவானத்துக்கு மேலே 10 பாகைக்குச் சற்றுக் கீழே நிற்கும், அது நமது அகலக்கோடு. கையை நீட்டிப் பிடித்த முட்டி ஏறக்குறைய 10 பாகை. வடக்கே கடல் திறந்திருக்கும் வல்வெட்டித்துறை, பருத்தித்துறைப் பிள்ளைகள் அன்றிரவே அளந்து பார்க்கலாம். மற்றவர்களுக்குப் பனைகள் மறைக்கும்.

விளங்கியதா என்று பார்ப்பது

பிளிக்கர்ஸ் என்ற வினாவிடைச் செயலியில் பிள்ளைகளுக்குப் போன் தேவையில்லை. தளத்திலிருந்து 40 மட்டைகளை அச்சடிக்கிறீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புக் கட்டம், நான்கு பக்கமும் நான்கு விடை. பிள்ளை தன் விடையை மேலே வரும்படி திருப்பிப் பிடிக்கும். ஆசிரியரின் போன் கமரா வகுப்பைச் சுற்றிப் பார்த்தால் யார் என்ன விடை என்று பதிவாகிவிடும். இதற்கு மட்டும் போன் டேட்டா வேண்டும், கொஞ்சம்தான். மினுங்கும் லமினேற் போட்டால் வெளிச்சம் தெறித்து வாசிக்காது. விரல் கட்டத்தை மறைத்தாலும் வாசிக்காது. நான்கு விடை என்பதால் சாதாரண தரத்துக்குச் சரி. உயர்தரப் பல்தேர்வு ஐந்து விடை, அங்கே உதவாது. உண்மையைச் சொன்னால் நான்கு நிற மட்டைத் துண்டுகளும் இதே வேலையைச் செய்யும், பெயர்ப்பதிவு மட்டும்தான் இல்லை.

வீட்டுப் பயிற்சிக்குக் கூகுள் படிவம். வினாடி வினாவாக மாற்றி, விடையும் புள்ளியும் கொடுத்துவிடுங்கள். ஒருவருக்கு ஒரு தடவை மட்டும் என்ற தெரிவை நிறுத்துங்கள். அது இருந்தால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும், தாயின் போனில் செய்யும் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். கோப்பு ஏற்றச் சொல்லும் வினாவுக்கும் அதே கதி. "மேற்கூறிய யாவும்" என்ற விடை இருந்தால் விடைகளின் ஒழுங்கைக் கலைக்கும் தெரிவைப் போடாதீர்கள்.

ஒரு சொல் விடைகளில் வேறொரு சிக்கல் வரும், இது பலருக்குத் தெரியாது. "கொ" என்ற எழுத்தை ஒரு விசைப்பலகை ககரமும் ஒகரக் குறியும் என்று இரண்டு துண்டாகப் பதியும்; இன்னொன்று ககரம், ஒற்றைக் கொம்பு, அரவு என மூன்று துண்டாகப் பதியலாம். கண்ணுக்கு ஒன்றுதான். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்கு வேறு வேறு. ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டுவதும் இப்படித்தான். சரியாக எழுதிய பிள்ளைக்குப் பூச்சியம் விழும். ஏற்கத்தக்க விடைகளாக எல்லா வடிவங்களையும் சேருங்கள். மற்ற எல்லாம் பிழை என்ற பெட்டியில் சரி போடாமல் விட்டு, மீதியைக் கையால் திருத்துங்கள். அதற்கு நேரமில்லையென்றால் ஒரு சொல் வினாவையே விட்டுவிட்டுப் பல்தேர்வாக்குங்கள்.

வினா எழுதச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கேட்கலாம். கேட்டால் தமிழ்நாட்டுச் சொல்லும் நமது சொல்லும் கலந்துதான் தரும். பாடநூல் பக்கத்தைக் கொடுத்து, இந்தப் பக்கத்திலுள்ள சொற்களை மட்டும் பயன்படுத்து என்று சொல்லுங்கள். கணக்கு விடைகளை ஒவ்வொன்றாக நீங்களே செய்து பாருங்கள். பிள்ளைகளின் பெயரையும் புள்ளியையும் அங்கே ஏற்றக்கூடாது.

வட்ஸ்அப்பில் அனுப்புவது

கரும்பலகைப் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் சுருக்கி அனுப்பும், சுட்டிகளும் தசமப் புள்ளிகளும் கரைந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். கோப்புப் பெயரிலேயே தரம், பாடம், அலகு இருக்கட்டும். "புதியது 2 திருத்தியது" என்ற பெயரை ஒரு வாரத்துக்குப் பிறகு யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். குழுவில் நிர்வாகி மட்டும் எழுதலாம் என்று வைத்தால் பாடம் வாழ்த்துப் படங்களுக்குள் புதையாது. பெற்றோரின் இலக்கங்கள் ஒருவருக்கொருவர் தெரியக்கூடாது என்றால் ஒலிபரப்புப் பட்டியல் நல்லது, ஆனால் உங்கள் இலக்கத்தைத் தமது போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச்சேரும். பல வீடுகளில் ஒரே போன், அதுவும் வேலைக்குப் போனவரின் கையில். மாலை 7 மணிக்குப் பிறகு அனுப்பி, அடுத்த நாள் இரவுவரை தவணை கொடுங்கள்.

பென்ட்ரைவில் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு ஏறவில்லை என்றால் அது ஃபட்32 என்ற பழைய கோப்பு முறையில் உள்ளது. வகுப்பிலுள்ள பழைய தொலைக்காட்சி அந்த முறையை மட்டும்தான் வாசிக்கக்கூடும், ஆகவே முறையை மாற்றாமல் கோப்பைச் சிறிதாக்குங்கள். அதே தொலைக்காட்சி தமிழ்க் கோப்புப் பெயரைக் கட்டம் கட்டமாகக் காட்டினால் பெயரின் முன்னால் 01, 02 என்று இலக்கம் போடுங்கள், போதும்.

மணி அடித்ததும் புரொஜெக்டரின் வயரைப் பிடுங்காதீர்கள். விளக்கை அணைத்த பின் உள்ளே விசிறி ஓடி நிற்க ஒன்றிரண்டு நிமிடம் எடுக்கும். அதற்குமுன் பிடுங்கினால் விளக்கின் ஆயுள் குறையும். கரண்ட் போனால் இதேதான் நடக்கும், 650 விஏ யூபிஎஸ் ஒன்று அந்த இரண்டு நிமிடத்தைத் தரும். காற்று வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றித் தூசு தட்டுங்கள். ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் ஆளியை அணைத்தால் மட்டும் போதாது, புளக்கையே கழற்றிவிட வேண்டும்.